கூடவே இறங்கியது

பதினோரு மணிக்கு வகுப்பு, அதற்குள் துடைத்துவிட வேண்டும், துடைப்பது என்றால் எதை, திரையையா திரைக்கு உள்ளே இருப்பதையா, உள்ளே என்றால் எந்த உள்ளே என்று கஸ்பாருக்குப் பிடிபடவில்லை. ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதன்மேல் ஒரு துவாலை கிடந்தது. சிசிலி போட்டது. தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடிவைப்பார்களே, அப்படி. வாரம் முழுக்க அந்தத் துவாலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான், பார்த்துக்கொண்டே படுத்தான், எடுக்கத்தான் கை வரவில்லை. எடுத்தால், பாரு, சும்மா இருக்க முடியல இவருக்கு என்று நினைப்பாள். நினைப்பாளே தவிர சொல்லமாட்டாள். சொல்லிவிட்டால் தேவலை. அவள் சத்தம் போட்ட சண்டைகள் எல்லாம் அன்றன்றைக்கே ஆறிப்போனவை, சத்தம் போடாத சண்டைகள்தான் மீன்முள் மாதிரி எங்கேயோ உள்ளே நின்றுகொண்டு எச்சில் விழுங்கும்போதெல்லாம் நான் இருக்கேன் இருக்கேன் என்னும். இன்றைக்குப் பூசைக்குப் போய்விட்டு வந்தவள் முக்காட்டை எடுக்காமலே, "இன்னைக்கு ஃபாதரும் வகுப்புல உக்காருதாராம்" என்றாள். அவனைப் பார்த்து அல்ல, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து. "அந்தச் சனியன ஏதாவது செய்ய முடிஞ்சா செய்யுங்க. முடியலன்னா சொல்லிருங்க, நான் டீச்சர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருதேன்." அவ்வளவுதான். அடுப்படிக்குள் போய்விட்டாள். இருபது வருஷமாக, முதல்தடவை நற்கருணை வாங்கப்போகிற புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவள். தெருவில் பாதிப் பேருக்கு சிலுவை போடக் கற்றுக்கொடுத்த கை அது. வேற ஆளுக்குக் குடுத்துருதேன் என்று அவள் சொன்னபோது குரலில் ஒன்றுமே இல்லை, அதுதான் அவனைக் குடைந்தது.

துவாலையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டான். பொத்தானை அமுக்கினான். உள்ளே விசிறி சுற்ற ஆரம்பித்தது, கம்ப்ரஸர் எடுக்கும்போது ஒரு முனகல் வருமே, அதன் குட்டி முனகல். எல்லாச் சத்தத்திலும் ஃபேக்டரி கேட்கிறது, எல்லா வாசனையிலும் அமோனியா அடிக்கிறது, சிசிலி வெங்காயம் நறுக்கினால்கூட மூக்கு முதலில் கதவு எந்தப் பக்கம் என்று தேடுகிறது. தை மாசம் ஃபேக்டரியில் அந்த அமோனியாக் குழாய் வெடித்ததிலிருந்து இப்படித்தான். திரை நீலமாகி, பிறகு படம் படமாக முளைத்து, ஒவ்வொன்றும் வந்து உட்கார அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் இப்படி இழுக்காது. மகன் கப்பலுக்குப் போகும்போது விட்டுப்போன மெஷின் இது, அவன் இருந்தவரைக்கும் தட்டினால் ஓடும். அவன் போன பிறகு கஸ்பார்தான் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டான், கேட்பதற்கு ஆள் கிடையாது, இங்கிலீஷை உதடு அசைத்து ஒவ்வொரு எழுத்தாக மென்றுதான் வாசிக்க வரும், பிழையாக எதையாவது அமுக்கி, அது என்ன செய்கிறது என்று பார்த்து, திரும்பி வரும் வழியைக் கண்டுபிடித்து. அப்புறம் சிசிலிக்கும் அவனே சொல்லிக்கொடுத்தான். எப்படி? "நெட்டுலருந்து எதையாவது இறக்கும்போது கேள்வியா கேக்கும். பயப்படாத. நெக்ஸ்ட் அமுக்கு. திரும்பக் கேட்டா திரும்ப நெக்ஸ்ட். கடைசியில ஃபினிஷ்னு வரும், அவ்வளவுதான் சோலி." அன்றைக்கு அவள் சிரித்தாள். "கல்யாணத்துல ஃபாதர் கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு சொன்ன மாதிரியா?" என்றாள். அதே மாதிரிதான் என்றான். இப்போது அது எங்கிருந்து ஞாபகம் வருகிறது, வேலையைப் பார், மணி என்ன, கடிகாரம் அவளுக்கு முகம் காட்டிக்கொண்டு இவனுக்கு முதுகு காட்டுவதுபோல் தோன்றியது.

கோயில் மண்டபத்துக்கு ஓடு மாற்றுகிறார்கள், அது முடிகிற வரைக்கும் வகுப்பு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் என்று பங்குக் கூட்டத்தில் முடிவு பண்ணினார்கள். போன வாரம் சிசிலி பத்துக் கட்டளைப் படத்தைத் திரை முழுக்க விரித்து, மோயீசன் கையில் கற்பலகை, பிள்ளைகள் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் பல் தெரிய உட்கார்ந்திருக்க, நானே உன் தேவனாகிய ஆண்டவர் என்று ஆரம்பித்தாள். வலது மூலையில், மோயீசனின் காலுக்குப் பக்கத்தில், ஒரு பொம்பளை எழுந்து வந்தாள். எழுந்து வந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், கீழேயிருந்து மெல்ல. உடம்பில் துணி என்று பேருக்கு. உங்கள் ஊரிலேயே இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்று தமிழில் எழுதியிருந்தது. ஒரு பையன் சிரித்தான். அப்புறம் பல பிள்ளைகள். சிசிலி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னது என்னது என்று குனிந்து, எதை அமுக்கினாளோ, அந்தப் பொம்பளை திரை முழுக்க வந்துவிட்டாள். கஸ்பார் உள்ளறையில் படுத்திருந்தான், நாற்காலி விழுந்த சத்தம்தான் அவனுக்குக் கேட்டது. சாயங்காலம் ஒரு பிள்ளையின் அம்மா போன் போட்டாள். "டீச்சர், இது எந்தக் கட்டளை டீச்சர்? நாங்க படிக்கும்போது பத்துதான இருந்துச்சு." போனை வைத்துவிட்டு சிசிலி வெகுநேரம் ஜெபமாலையை உருட்டினாள். பிறகு, "பகல்ல வீட்டுல நீங்க மட்டும்தான இருக்கிய" என்றாள். அவள் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்விடுவாள், மகன் எந்தக் கடலிலோ, வீட்டில் பகலெல்லாம் தூக்கம் வராமல் புரளும் ஒரு ஆம்பளை, ஒரு கம்ப்யூட்டர். வேறு யாரை நினைப்பாள். அவளுடைய இடத்தில் இருந்தால் இவனே இவனைத்தான் நினைப்பான். இல்லை சிசிலி, நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான், எடுத்த வாய் அப்படியே நின்றது. ஏன் நின்றது. ஏனென்றால் அந்தப் பொம்பளையை அவன் முன்பே பார்த்திருந்தான். ஒரு பகல், காற்றாடி சுற்றியும் வேர்த்துக்கொண்டிருந்த பகல், வானிலை பார்க்க உட்கார்ந்தபோது வந்தாள். மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கி மூடினான். மூடுவதற்கு முன்னால் கொஞ்சம் பார்த்தான். கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அளந்து சொல்ல எந்தத் தராசும் இல்லையே, அதனால் யாரிடமும் சொல்லாமல் விட்டான், சொல்லாமல் விட்டதால் அது வளர்ந்து கற்பலகைப் பக்கத்தில் போய் நின்றது.

கன்ட்ரோல் பேனல். அதற்குள் ஒரு வரிசை, மெஷினுக்குள் குடியிருக்கிறதெல்லாம் பேர் போட்டு நிற்கும். இத்தனையா. ஒரு ஆள் வீட்டில் இத்தனை பேர் குடியிருந்தால் சோறு எப்படிப் போதும். எது வேண்டியது எது வேண்டாதது என்று பேரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, எல்லாமே நல்ல பிள்ளை மாதிரிப் பேர் வைத்துக்கொண்டிருந்தன, உதவி, வேகம், பாதுகாப்பு. ஃபேக்டரியில் மாடசாமி அண்ணன் சொல்வார், அமோனியா எங்க கசியுதுன்னு கண்ணால தேடாதப்பா, கண்ணுக்கு அது தெரியாது, கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் கொண்டுபோ, எங்க வெள்ளையாப் புகையுதோ அங்கதான் ஓட்டை. ஃபேக்டரியில் எத்தனையோ தடவை அப்படி நடந்திருக்கிறான், திரியைப் பிடித்துக்கொண்டு, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூட்டாக நின்று நின்று. இங்கே திரி எது. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதுதான். முதலில் வேகம் என்று பேர் போட்டிருந்ததை அமுக்கினான். உடனே ஒரு அழுகிற முகம் வந்தது, மஞ்சளாக, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரோடு. நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும். கீழே பச்சையில் கொழுகொழுவென்று ஒரு பொத்தான், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சின்ன எழுத்து. பச்சை என்றால் இருக்கட்டும், சாம்பல் என்றால் போகட்டும். அடப் பாவி, வழி சொல்ல வேண்டிய இடத்தில் இப்படியா கண்ணி வைப்பான். விருந்துக்கு வந்துவிட்டுப் போகாத சொந்தக்காரன் மாதிரி, பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்த பிறகும் ஒரு வாய் காப்பி இருந்தால் என்று உட்காருகிறவன். சாம்பலை அமுக்கினான். போனது. போகும்போதும் ஏன் போகச் சொன்னீர்கள் என்று ஒரு கேள்வித்தாளை நீட்டிவிட்டுப் போனது.

"காப்பி" என்று டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள் சிசிலி. திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தாள், அங்கே அந்தப் பொம்பளை உட்கார்ந்திருக்கிற மாதிரி. "ஆவுதா?"

"ஆவும்."

"என்னமோ... வாசல்ல பிலோமி அக்கா கேக்காவ, டீச்சர் வீட்டுல இன்னைக்கும் படம் உண்டான்னு."

அவன் இருமினான். சிரிக்க வந்தது, இருமலாகிவிட்டது, இப்போதெல்லாம் எது வந்தாலும் இருமலாகத்தான் முடிகிறது. அவள் போகாமல் இருமல் நிற்கிற வரைக்கும் நின்றாள். நின்றபிறகும் ஒரு மூச்சு நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள், அடுத்தது வருகிறதா என்று, பிறகு போனாள். அவள் அப்படி நின்று கேட்பது தை மாசத்திலிருந்து பழகிப்போன ஒன்று, அதை அவன் கவனிப்பதில்லை, இன்றைக்கு ஏனோ அவள் போன இடத்தில் அந்த நிற்றல் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அடுத்தது விலைக்குறைப்பு காட்டுகிற ஏதோ ஒன்று, அதுவும் போனது. தேடுபொறிக்கு மேலே தொற்றிக்கொண்டிருந்த ஒரு பட்டை, போனது. வந்த நாள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. நீக்கியதெல்லாம் ஒரே தேதி. இன்னும் நிற்கிற இரண்டு மூன்றுக்கும் அதே தேதி. கூட்டமாக வந்து இறங்கியிருக்கின்றன, ஒருத்தன் டிக்கெட்டில் ஒன்பது பேர். பிப்ரவரி பதினொன்று. பதினொன்று, பதினொன்று. பிள்ளையார் சுழி போட்ட பகலைக் கண்டுபிடித்துவிட்டால் தன் கை சுத்தமா என்று தனக்கே தெரிந்துபோகும், கண்டுபிடிக்கத்தான் வேண்டுமா என்று ஒரு பயம் நாக்கில் ஏறியது, பகல் தூக்கத்தில் எழுந்து தான் அறியாமல் ஏதாவது செய்திருந்தால். பிப்ரவரி பதினொன்று லூர்து மாதா திருநாள். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசினார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அமோனியாக் குழாய் வெடித்த அன்று மூடப்போன வால்வு மூடாமல், துண்டு காய்ந்துபோய், நெஞ்சுக்குள் தீயைக் குடித்த மாதிரி குடித்துவிட்டு விழுந்தவன், இரண்டு வாரம் கழித்து அந்தப் பதினொன்றாம் தேதியிலும் அங்கேதான் கிடந்தான். அப்படியானால் நான் இல்லை. நான் இல்லை! எழுந்து அடுப்படிக்குள் ஓடி, பாரு சிசிலி, தேதியைப் பாரு, அன்னைக்கு நான் எங்க கிடந்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கால் பாதி எழுந்துவிட்டது. மடியிலிருந்த துவாலை கீழே விழுந்தது. பிறகு மீதிக் கால் எழவில்லை. நான் அங்கே கிடந்தேன் என்றால் இங்கே யார்.

அன்றைக்கு வந்ததில் தலைச்சன் எது என்று பார்த்தான். மற்றதெல்லாம் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை, ஒன்றுதான் கேட்டு வாங்கி இறக்கியதாக இருக்க வேண்டும். வரிசையின் அடியில் நின்றது. கிரகமாலை, இலவச ஜாதகக் கணிப்பு. இரண்டு தடவை வாசித்தான். தமிழில்தான் எழுதியிருந்தது, இருந்தும் உதடு அசைந்தது. இந்த வீட்டிலா. ஜாதகமும் நாளும் பார்க்கிறது முதல் கட்டளைக்கு விரோதமான பாவம் என்று பிள்ளைகளை எழுப்பி எழுப்பி நிறுத்திச் சொல்லவைக்கிறவள் வீட்டிலா. கிளி ஜோசியக்காரன் தெருவுக்குள் வந்தால் ஜன்னலைச் சாத்துகிறவள் வீட்டிலா. அடுப்படியில் தாளிக்கிற சத்தம். கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான், தான்தான் ஏதோ களவு செய்கிற மாதிரி. நீக்கு என்பதை அமுக்க வேண்டிய விரல் அதைத் திறந்துவிட்டது. பிள்ளையார் படம், சக்கரம், பன்னிரண்டு கட்டம். ஏற்கெனவே கணித்தவை என்று ஓரத்தில் ஒரு பெட்டி. அதற்குள், கஸ்பார் மூணு மணி. கஸ்பார் மூணரை. கஸ்பார் நாலேகால். கஸ்பார் அஞ்சு. கஸ்பார், கஸ்பார், கஸ்பார், இறங்கிக்கொண்டே போனது, எல்லாவற்றுக்கும் எதிரே கேட்ட பலன் என்று ஒரே ஒரு சொல், ஆயுள். ஒரு ஆளை எத்தனை தடவை பிறக்க வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்டாளே, அப்போது ஏதோ பாரம் போட்ட தூக்கத்திலிருந்து கேட்ட மாதிரிக் கேட்டது, "நீங்க எத்தன மணிக்குப் பிறந்திய?" இவன் குழாய்க்குள்ளிருந்தே சிரித்தான். "யாரு கண்டா. அப்பா கடலுக்கு வள்ளத்தைத் தள்ளிட்டுப் போகும்போது அம்மாவுக்கு வலி எடுத்துச்சாம், திரும்பி வரும்போது நான் கிடந்தேனாம்." நர்ஸ் பேர் எழுத வந்தாள், பேச்சு அறுந்தது. வள்ளம் போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேட்டதற்கெல்லாம் நெக்ஸ்ட் அமுக்கி, அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே பயப்படாமல் நெக்ஸ்ட் அமுக்கி, ஒரு கணக்கு சரியாக வரவில்லை என்றால் அரை மணி தள்ளி அவனைத் திரும்பப் பெற்றெடுத்து. டாக்டர் அப்படி என்ன சொன்னார் அவளிடம். இவனிடம் இன்றுவரை சொல்லாத எதை.

ஒரு கஸ்பார்மேல் அம்புக்குறி போய் நின்றது. அமுக்கினால் திறக்கும். எத்தனை வருஷம் என்று போட்டிருக்கும். பொய், எல்லாம் பொய், எவனோ எங்கேயோ உட்கார்ந்து எழுதிவைத்த கணக்கு, துணியில்லாத பொம்பளையைக் கூட்டிக்கொடுக்கிற கம்பெனியின் கணக்கு, அதில் என்ன இருக்கப்போகிறது. இருந்தும் அம்புக்குறியை அங்கிருந்து நகர்த்தவில்லை. மூணு மணிக்குப் பிறந்த கஸ்பாருக்கு என்ன போட்டிருந்ததனால் அவள் மூணரைக்குப் போனாள். மூணரைக்கு என்ன. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மூட்டில் திரியைக் காட்டின மாதிரி வெள்ளையாகப் புகைந்தது. திறக்கவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு நீக்கு என்பதை அமுக்கினான். சேமித்த ஜாதகங்களையும் அழிக்கவா என்று கேட்டது. இது மட்டும் நேர்மையாகக் கேட்டது, ஆம், இல்லை, இரண்டும் ஒரே அளவு. ஆம். பச்சைக் கோடு ஊர்ந்தது. ஊர்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தான், அவளிடம் சொன்னால் தன் பேர் சுத்தமாகும், அவள் பேர் போகும், ஃபாதர் கேட்பார், ஏன் டீச்சர் ஜாதகம் பார்த்தீங்க என்று, அவள் என்ன சொல்வாள், அதைச் சொல்ல வைப்பதா, பிள்ளைகள் முன்னால், அந்தப் போன் பேசின அம்மா முன்னால். சொல்லாவிட்டால் அந்தத் துவாலை ஆயுசுக்கும் தன்மேல் கிடக்கும். ஆயுசு என்ற சொல் வந்ததும் திரும்பவும் இருமல் வந்தது, அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்று, காத்திருந்து, மறுபடியும் எழுந்தது. கோடு முட்டியது. ரீஸ்டார்ட் கேட்டது. திரை கறுத்து, அதில் சவரம் செய்யாத ஒரு முகம் தெரிந்தது.

சிசிலி சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது அவன் பக்கத்தில், படம் பிடிக்கிற கண்ணுக்குத் தெரியாதபடி சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். ஏதாவது எழுந்து வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று கை சுவிட்சுக்குப் பக்கத்தில். பிள்ளைகள் ஒவ்வொரு கட்டமாக வந்தார்கள், ஷெரின், அபிஷா, வாயில் இட்லியோடு ஒருத்தன். பின்னால் அம்மாக்களின் நைட்டியும் கையும் தெரிந்தன, இன்றைக்கு எல்லா அம்மாக்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். ஃபாதர் வெள்ளை அங்கியோடு ஒரு கட்டத்தில் வந்தார். மோயீசன் வந்தார். மூலையில் யாரும் வரவில்லை. வரவில்லை, இன்னும் வரவில்லை, அவன் அந்த மூலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"டீச்சர், மெஷின் சரியாயிட்டா?" ஃபாதர் கேட்டார். குரல் நல்ல குரல்தான். "பெற்றோர் சிலர் என்கிட்ட வந்து கேட்டாங்க. எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் ஒரு பாடமா இருக்கும், அதான்."

"அது ஃபாதர்... எங்க வீட்டுல..." என்ற சிசிலி சுவரோரம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்கப் பாடுபடுகிறாள் என்று அவள் கழுத்து நரம்பு சொன்னது. அந்த ஒரு வாரத்தில் முதல்தடவையாக, அவள் தன்னைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் வந்தான். ஷிப்டுச் சட்டை, கலைந்த தலை. பிள்ளைகள் கட்டங்களுக்குள் நெளிந்தார்கள்.

"நான்தான் ஃபாதர். பகல்ல உறக்கம் வரமாட்டேங்கு. சினிமா ஒண்ணு ஓசியில இறக்குனேன், கூடவே இதெல்லாம் இறங்கிட்டு. டீச்சருக்கு ஒண்ணுந் தெரியாது."

எங்கேயோ ஒரு அம்மா, "சொன்னேன்லா" என்றாள், மைக்கை அணைக்காமல். ஒரு பையன் என்ன படம் அங்கிள் என்று கேட்டு அடி வாங்கினான். ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சரி கஸ்பார். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வாரும். டீச்சர், நீங்க ஆரம்பிங்க." கஸ்பார் சுவரோரம் திரும்பிப் போனான். சனிக்கிழமை போய் என்னத்தைச் சொல்வது, சொல்ல வேண்டிய பாவம் இப்போது சொன்ன பொய் ஒன்றுதானே.

சிசிலி ஆரம்பிக்கவில்லை. மவுஸை நகர்த்தி, திரையின் அடியில் ஒரு மூலைக்குப் போனாள், மகன் போட்டோக்கள் கிடக்கிற ஒரு பெட்டியைத் திறந்தாள், அதற்குள் கஸ்பார் என்று பேர் போட்ட இன்னொரு பெட்டி, அதற்குள் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத வெள்ளையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலைக் கொண்டுபோய் மைக்கை அணைத்தாள். கட்டங்களுக்குள் பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டியளா?" முகம் திரையைப் பார்த்தபடியே இருந்தது.

"அழிச்சிட்டேன். எதையும் திறந்து பாக்கல."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஃபாதர் தன் கட்டத்துக்குள்ளிருந்து காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்றார்.

"ஆறேகாலுக்குப் பிறந்திருந்தா," என்றாள், "எண்பத்தொண்ணு வரைக்கும் போவுது."

"ஆறேகாலாத்தான் இருக்கும்," என்றான் அவன். "அப்பா கரையேறும்போது நல்லா வெளுத்துட்டுன்னு அம்மா சொல்லுவா."

அம்மா அப்படி எதுவும் சொன்னதில்லை. சிசிலி தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு மைக்கைத் திறந்தாள்.